கிட்டாருக்கு முன்னால் யூகுலேலே தேவையா?

கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் உடனே வருகிற அறிவுரை, "முதல்ல ஒரு யூகுலேலே வாங்கு, அது ஈஸி, விரல் பழகினதும் கிட்டாருக்குப் போயிடலாம்" என்பதுதான். யூகுலேலே என்பது குட்டிக் கிட்டார் மாதிரி இருக்கிற நாலு தந்தி வாத்தியம். சொல்கிறவர்கள் நல்லதற்குத்தான் சொல்கிறார்கள், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியை நம்பி, கிட்டார் ஒலிக்காக ஏங்குகிற ஒருவர் யூகுலேலே வாங்கி, சீக்கிரமே சலித்துப்போய், தனக்கு இசையே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். இன்னொரு பக்கம், வீட்டில் உட்கார்ந்து நாலு பாட்டு பாடினால் போதும் என்கிறவர் பெரிய கிட்டாரை வாங்கி, விரல் எரிகிறது என்று சுவரில் மாட்டிவிடுகிறார். இரண்டு பேரிடமும் தப்பான வாத்தியம் போய்ச் சேர்ந்திருக்கிறது, இரண்டு பேரும் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தாலே தவிர்த்திருக்கலாம்.

யூகுலேலே எந்தக் காரணங்களால் சுலபமாக இருக்கிறதோ, அதே காரணங்களால்தான் அதில் சில விஷயங்கள் வராமலும் போகின்றன. எதை இழக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் அது அருமையான வாத்தியம்.

முதலில் விரல் வலி. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற அக்கூஸ்டிக் கிட்டாரில் இருப்பவை எஃகுத் தந்திகள். லைட் என்று போட்டு விற்கிற செட்டில் முதல் தந்தியின் தடிமன் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். அவ்வளவு மெல்லிய, அவ்வளவு விறைப்பான கம்பியை மெத்தென்ற விரல் நுனியால் அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும். தோல் தடித்துக் காய்ப்பு ஏற மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவும் தினமும் வாசித்தால். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் இந்த இழுவிசை ஏறக்குறைய பாதிதான். யூகுலேலேயில் அதைவிடவும் வெகு குறைவு, இருப்பதே நாலு தந்தி, அதுவும் நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன். முதல் நாளே அரை மணி நேரம் வாசித்தாலும் விரல் லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது நீளம். தந்தி அதிர்கிற பகுதி, அதாவது நட் என்கிற மேல்முனையிலிருந்து, உடம்பில் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் வரைக்குமான தூரம், கிட்டாரில் சுமார் 648 மில்லிமீட்டர். சின்ன யூகுலேலேயான சொப்ரானோவில் 345 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் எங்கே வர வேண்டும் என்பதை இந்த நீளம்தான் தீர்மானிக்கிறது: நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். கிட்டாரில் அது 36 மில்லிமீட்டர், சொப்ரானோவில் 19. நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை விரல்களை விரிக்க வேண்டுமென்றால் கிட்டாரில் 134 மில்லிமீட்டர், சொப்ரானோவில் 71. எட்டு வயதுக் குழந்தையின் கைக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவைப்பது. பாட்டுக்குத் துணையாக வாசிக்கிற எல்லோரும் இதைத்தான் முதலில் கற்கிறார்கள். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நாலு கார்டு எடுத்துக்கொள்வோம். நடபைரவி மேளத்தின் ஸ்வரங்களும் மேற்கத்திய இயற்கை மைனரின் ஸ்வரங்களும் ஒன்றுதான் என்பதால், அந்தச் சாயலில் போகிற எத்தனையோ சினிமாப் பாடல்களுக்கு இந்த நாலையும் சுற்றி வந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டுவிடும். வாசிக்கும்போது தரையை ஒட்டி இருப்பதுதான் முதல் தந்தி, அங்கிருந்து மேலே எண்ண வேண்டும். யூகுலேலேயில் ஏ மைனர் என்றால் நான்காவது தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் ஒரே ஒரு விரல். அந்த விரலை எடுக்காமல் இரண்டாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இன்னொரு விரலை வைத்தால் எஃப். சி-க்கு முதல் தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு விரல். ஜி-க்கு மட்டும் மூன்று விரல். கிட்டாரில் இதே வரிசையில் ஏ மைனருக்கு மூன்று விரல், சி-க்கு மூன்று, ஜி-க்கு மூன்றோ நாலோ, எஃப் வந்தால் ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்திக்கொண்டு மற்ற மூன்று விரலையும் தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிற இடம் அந்த எஃப். யூகுலேலே வாங்கிய அன்றே சாயந்திரம் ஒரு பாட்டு வாசித்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் பார்த்தால் யூகுலேலேதான் ஜெயிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தக் கார்டு விஷயத்தை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கிட்டாரின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரு கேப்போவை, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கிற கிளிப்பைக் கவ்வவிட்டு, மெல்லிய நாலு தந்திகளை மட்டும் மீட்டிப் பாருங்கள். வருவது ஜி, சி, ஈ, ஏ என்கிற ஸ்வரங்கள். யூகுலேலேயின் நாலு தந்திகளும் இவைதான், அந்த ஜி மட்டும் ஒரு ஸ்தாயி தள்ளி இருக்கும். கிட்டாரின் மேல் நாலு தந்திகளான, அதாவது அந்த மெல்லிய தந்திகளான டி, ஜி, பி, ஈ ஆகியவற்றுக்கு நடுவே இருக்கிற இடைவெளிகளும் யூகுலேலேயின் இடைவெளிகளும் ஒன்றே என்பதால் இப்படி வருகிறது. அதனால் யூகுலேலேயில் நீங்கள் ஏ மைனர் என்று பிடிக்கிற வடிவம் கிட்டாரில் ஈ மைனர். யூகுலேலேயின் எஃப், கிட்டாரின் சி. யூகுலேலேயின் சி, கிட்டாரின் ஜி. யூகுலேலேயின் ஜி, கிட்டாரின் டி. பெயர்தான் மாறுகிறது, விரல்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

ஆக, யூகுலேலேயில் கற்ற கார்டு வடிவம் எதுவும் வீணாகாது, பின்னால் கிட்டாருக்குப் போனால் அப்படியே கூட வரும் என்பது ஒரு செய்தி. இன்னொரு செய்தியை யாரும் சொல்வதில்லை: யூகுலேலேயில் சுலபமாக இருக்கிற அந்த நாலு கார்டு கிட்டாரிலும் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மேல் நாலு தந்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஈ மைனருக்கு ஒரு விரல், சி-க்கு இரண்டு, ஜி-க்கு ஒன்று, டி-க்கு மூன்று என்று தொடங்கலாம். கேப்போ இல்லாமலேகூட அது ஒரு முழுமையான கார்டு வரிசைதான். கை நிலைத்த பிறகு ஐந்தாவது தந்தி, அப்புறம் ஆறாவது தந்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். எஃப் கார்டைப் பற்றி முதல் இரண்டு மாதம் நினைக்கவே வேண்டாம். கிட்டார்மீது ஆசை இருக்கிற ஒருவருக்கு, கிட்டாரையே யூகுலேலே மாதிரித் தொடங்க ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மிச்சமிருப்பது விரல் வலி ஒன்றுதான், அதற்கு வழி கீழே வருகிறது.

இப்போது யூகுலேலேயில் எது கிடையாது என்று பார்ப்போம். அடித்தளம் கிடையாது, அதாவது பேஸ். கிட்டாரின் ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிற ஈ. யூகுலேலேயின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் மூன்றாவது தந்தியின் சி, சுமார் 262 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆணுக்கு மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அவருடைய மேல் ஸட்ஜம் எங்கே வருகிறதோ அங்கேதான் யூகுலேலே தொடங்குகிறது. அவர் பாடுகிற பாட்டில் பெரும்பகுதி, துணைக்கு வாசிக்கிற வாத்தியத்துக்குக் கீழே ஓடும். ஐந்து கட்டையில் பாடுகிற பெண்ணுக்கோ மத்திய ஸ்தாயி மத்யமத்திலேயே யூகுலேலே வந்துவிடும், குரலும் வாத்தியமும் ஒரே இடத்தில் பழகும், கேட்கவும் இதமாக இருக்கும். குழந்தைகளுக்கும் அப்படித்தான். தாழ்ந்த குரல் உள்ள ஆண்கள் யூகுலேலேயோடு பாடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், பளிச்சென்று மேலே மினுங்குகிற ஒலிக்குக் கீழே கனத்த குரல் வருவதில் தனி அழகு இருக்கிறது, ஹவாய்ப் பாடகர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பாட்டைக் கீழிருந்து தாங்குகிற ஒலியை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வீச்சிலும் வித்தியாசம் பெரிது. 12 ஃப்ரெட் சொப்ரானோவில் இரண்டு ஸ்தாயிகூட முழுதாகக் கிடையாது. கிட்டாரில் மூன்றரை ஸ்தாயிக்கு மேல் இருக்கிறது. கட்டைவிரல் கீழே பேஸ் நடையைப் போட்டுக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டையும் நடுவில் கார்டையும் வாசிக்கிற ஃபிங்கர்ஸ்டைல் கிட்டாரில் பிறந்ததற்குக் காரணம் இந்த வீச்சுதான். நம் சினிமாப் பாடல்களின் இடையிசையில் வருகிற கிட்டார் உங்களை இழுத்திருந்தால், உங்கள் காதில் ஒலிப்பது இந்தக் கீழ்த் தந்திகள்தான். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தவர், கிட்டாரை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதிய இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் கீழ் ஒலி இல்லாமல் எதோ குறைகிற மாதிரியே இருக்கும். அப்படிப்பட்டவர் யூகுலேலேயில் தொடங்கி வீணாகச் சுற்ற வேண்டாம்.

யூகுலேலேயின் நான்காவது தந்தி ஏன் தாழ்ந்து போகாமல் உயர்ந்து நிற்கிறது என்று பலருக்கும் கேள்வி வரும், வழக்கமாகத் தந்திகள் கீழிருந்து மேலே வரிசையாக ஏறுகிறவைதானே. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல், போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து, ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஹொனலுலுவுக்கு வந்தது. (இந்தியாவிலிருந்து பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான லியோனிடாஸ் போனதும் அதே 1879-ல்தான். கரும்பு எத்தனை தீவுகளுக்கு எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.) வந்தவர்களில் மனுவேல் நூனிஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்று மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தோட்ட வேலைக்காலம் முடிந்ததும் ஹொனலுலுவில் பட்டறை போட்டு, ஊரிலிருந்து தெரிந்த மஷேட் என்ற குட்டி நாலுதந்தி வாத்தியத்தின் அளவையும், ரஜாவ் என்ற ஐந்துதந்தி வாத்தியத்தின் சுருதி முறையையும் சேர்த்து, ஹவாயில் விளைகிற கோவா மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். ரஜாவில் தந்திகள் வரிசையாக ஏறாமல் ஒன்று மேலே போய்த் திரும்பி வரும். அந்தப் பழக்கம்தான் யூகுலேலேயின் உயர்ந்த ஜி. மன்னர் கலாகௌவா அரண்மனை விருந்துகளில் அதை வாசிக்கவைத்தார், 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. அந்தக் குட்டி உடம்புக்குத் தாழ்ந்த ஜி பெரிதாக எடுபடவும் செய்யாது. உயர்ந்த ஜி இருப்பதால் நாலு தந்தியும் நெருங்கிய ஒரே வீச்சில் ஒலித்து, மேலிருந்து கீழே மீட்டினாலும் கீழிருந்து மேலே மீட்டினாலும் அந்தத் துள்ளல் வருகிறது. ஃபிங்கர்ஸ்டைல் வாசிக்க விரும்புகிற சிலர் தாழ்ந்த ஜி தந்தியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள், பெரிய அளவு யூகுலேலேயில் அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

யூகுலேலே விளையாட்டுச் சாமான் இல்லையா என்று கேட்கிறவர்களுக்குக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தைச் சொல்லலாம். சால்மர்ஸ் டோன் என்கிற இசை ஆசிரியர் 1967 முதல் அங்கே பள்ளிகளின் இசைக் கல்வியை நடத்தியவர், வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் கையில் யூகுலேலேயைக் கொடுத்தார். கார்டு அடித்துப் பாடுவதோடு நிறுத்தவில்லை. இசைக்குறிப்பைப் படிப்பது, தனித்தனிப் பகுதிகளைக் குழுவாகச் சேர்ந்து வாசிப்பது, காதால் கேட்டு சுருதியை அறிவது என்று இசையின் அடிப்படை முழுவதையும் அந்த நாலு தந்தியில் கற்றுக்கொடுத்தார், கனடாவின் மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. குழந்தைகளுக்கு வாத்தியம் தேடுகிற பெற்றோர்களிடம் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். ஏழெட்டு வயதுக்குள் என்றால் யூகுலேலேயை வாங்கிக் கொடுங்கள், ஆனால் கிட்டாருக்கு முன்னோட்டம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஹவாயின் ஜேக் ஷிமாபுகுரோ மாதிரி வாழ்நாள் முழுக்க அந்த நாலு தந்தியிலேயே இருந்து உலகம் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் இசையை மனதில் வைத்துக் கேட்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம், கமகம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைப்பது எஃகுத் தந்தியில் நன்றாக வரும், ஏனென்றால் எஃகைக் கொஞ்சம் இழுத்தாலே இழுவிசை சட்டென்று ஏறும். நைலான் தானே நீண்டு கொடுத்துவிடுவதால் எவ்வளவு தள்ளினாலும் ஸ்வரம் அவ்வளவாக நகராது. அதோடு யூகுலேலேயில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், நீண்டு நிற்கிற ஸ்வரத்தை ஆட்டி வாசிக்க நேரமே இருக்காது. குட்டி வாத்தியம் என்பதால் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மாண்டலினின் தந்தி நீளமும் ஏறக்குறைய சொப்ரானோ யூகுலேலேயின் நீளம்தான், அதில்தான் யு. ஸ்ரீனிவாஸ் கர்நாடக சங்கீதத்தைக் கமகம் குறையாமல் வாசித்தார். ஆனால் அவர் கையில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின், இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இல்லாமல் ஐந்து ஒற்றை எஃகுத் தந்தி போட்டது. எஃகும் மின்சார ஒலிபெருக்கமும் சேர்ந்துதான் ஸ்வரத்தை நிற்கவைத்தன. கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிற ஆர். பிரசன்னாவும் எஃகுத் தந்திகளைத்தான் வளைக்கிறார். ஆகவே ராகம் வாசிக்க வேண்டும், பாட்டின் மெட்டை வளைவு நெளிவோடு வாசிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் யூகுலேலே உங்களுக்கு உதவாது, எலெக்ட்ரிக் கிட்டாரையே முதல் வாத்தியமாக யோசிக்கலாம். அதில் தந்தி மெல்லிசு, ஃப்ரெட்டை ஒட்டித் தாழ்வாகவும் இருக்கும், விரல் வலியும் அக்கூஸ்டிக்கைவிடக் குறைவு.

பெரியவர்களுக்கு யூகுலேலேயில் வருகிற ஒரு சங்கடம் வேறு மாதிரியானது. டி மேஜருக்கு மூன்று தந்திகளிலும் இரண்டாவது ஃப்ரெட்டையே அழுத்த வேண்டும், சொப்ரானோவில் அந்த இடத்தின் அகலம் 18 மில்லிமீட்டர்தான், தடித்த விரல்கள் மூன்றும் அதற்குள் அடங்கவே அடங்காது. ஈ மேஜர் இன்னும் சிரமம். கிட்டாரில் முதல் நாள் வாசிக்கிற ஈ மேஜர் யூகுலேலேயில் எல்லோரையும் திணறவைக்கிற கார்டு. கேப்போ போட்டுக் கட்டையை மாற்றிக்கொள்ளலாமே என்றால், 12 ஃப்ரெட்டில் மூன்றை அடைத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். நம் பாடல்கள் ஐந்தரைக் கட்டை, ஒன்றரைக் கட்டை என்று எங்கெங்கோ இருப்பதால், மூலப் பாட்டோடு சேர்ந்து வாசிக்க நினைக்கிறவர்களுக்கு கிட்டாரும் கேப்போவும்தான் வசதி.

அதனால் வளர்ந்தவர்கள் யூகுலேலே வாங்குவதானால் சொப்ரானோவை விட்டுவிட்டு கான்செர்ட் அல்லது டெனர் அளவை எடுங்கள். கான்செர்ட்டில் தந்தி நீளம் சுமார் 38 சென்டிமீட்டர், டெனரில் 43. மூன்றுக்கும் சுருதி ஒன்றுதான், கற்றது எதுவும் மாறாது. பாரிடோன் என்று நான்காவது அளவு ஒன்று இருக்கிறது, 50 சென்டிமீட்டரை ஒட்டி. அதன் தந்திகள் டி, ஜி, பி, ஈ, கிட்டாரின் மேல் நாலு தந்திகள் அப்படியே. ஒலியும் தாழ்ந்து கனமாக இருக்கும். எப்படியும் கிட்டாருக்குத்தான் போகப் போகிறேன், ஆனால் மணிக்கட்டில் அல்லது விரலில் ஏதோ தொந்தரவு இருக்கிறது, இப்போதைக்கு லேசான வாத்தியம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது சரியான தேர்வு.

கிட்டார் என்று முடிவு செய்தவர்கள் விரல் வலியை மட்டும் சமாளித்தால் போதும். நைலான் தந்தி கிளாசிக்கல் கிட்டாரில் தொடங்கலாம், ஆனால் அதன் கழுத்து நட்டில் 52 மில்லிமீட்டர் அகலம், சின்னக் கைகளுக்கு அது வேறொரு சிரமம். எஃகுத் தந்தி என்றால் எக்ஸ்ட்ரா லைட் செட் மாற்றச் சொல்லுங்கள், கூடவே ஆக்‌ஷனைத் தாழ்த்தச் சொல்லுங்கள். ஆக்‌ஷன் என்பது தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள உயரம். எஃகுத் தந்திக் கிட்டாரில் 12-வது ஃப்ரெட்டில் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் அது கண்ணாலேயே தெரிகிற அளவுக்கு உயர்ந்திருக்கும். நட்டில் வெட்டிய பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்துவதே போராட்டமாகிவிடும், ஸ்வரமும் சுருதி ஏறி ஒலிக்கும். கிட்டார் பழுதுபார்க்கிறவர் ஒருவரிடம் கொடுத்து இந்த இரண்டையும் சரி செய்வது பெரிய செலவில்லை. தனக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு உண்மையில் கிட்டார்தான் சரியில்லை. அளவிலும் கவனம் வேண்டும். கடையில் முன்னால் நிற்கிற 41 அங்குலக் கிட்டார் பெரிய உடம்புக்காரர்களுக்கானது, மடியில் வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது என்றால் சின்ன அளவைக் கேளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஒரே குறைந்த தொகையில் இரண்டில் ஒன்று என்றால் யூகுலேலேயைத்தான் சொல்வேன். இழுவிசை குறைவு என்பதால் மலிவான மரமும் தாங்கும், மலிவான கிட்டார் கொஞ்ச நாளில் கழுத்து வளைந்து ஆக்‌ஷன் ஏறிவிடும். ஆனால் யூகுலேலேயிலும் ஒரு சோதனை அவசியம். 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தாமல் தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக்கை ஒலிக்கவையுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். தந்தி நீளம் குறைவாக இருப்பதால் பிரிட்ஜ் ஒட்டியதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கிட்டாரைவிட யூகுலேலேயில் அபஸ்வரம் அதிகமாகத் தெரியும். போனில் ட்யூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் ஐந்து நிமிட வேலை.

நம் ஊர்க் காற்றுக்கும் ஒரு வார்த்தை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருந்தால் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வியர்வைக் கை என்றால் இன்னும் சீக்கிரம். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். நைலானுக்கும் ஃப்ளூரோகார்பனுக்கும் இந்தக் கவலை இல்லை. முதல் வாத்தியத்துக்கு முழு மரப்பலகை வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், அடுக்குப் பலகையில் செய்தது ஈரத்துக்கும் வெயிலுக்கும் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் மே மாதத்து வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

யூகுலேலேயில் தொடங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புது நைலான் தந்தி முதல் ஒன்றிரண்டு வாரம் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி சேர்த்து இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் இறங்கிவிடும். வாத்தியத்தில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு தந்தியையும் மெதுவாக விரலால் மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து முறை இப்படிச் செய்தால் சில நாளில் நிலைத்துவிடும்.